பிப்ரவரி கடைசி, கிராப்பி, மெதுவான ட்ரோலிங்: மனசை விட்டுப் போகாத கடி எது?

(மீன்பிடிக் குழு ஒன்றின் உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர். கிராப்பி ஓர் அமெரிக்க நன்னீர் மீன். ட்ரோலிங் என்றால் ஓடும் படகிலிருந்து தூண்டிலை இழுத்தபடி பிடிப்பது.)

ஈயக்குண்டு

மிசிசிப்பி, கிரெனடா ஏரி, பிப்ரவரி கடைசி வாரம். தண்ணீர் 48 டிகிரி ஃபாரன்ஹீட். குளிர்காலத்துக்கு நீர்மட்டம் இறக்கிய ஏரி இப்போதுதான் ஏற ஆரம்பித்திருக்கிறது. ஏரியின் யலோபுஷா ஆற்றுக் கிளை, பழைய ஆற்றுப்பள்ளத்தின் விளிம்பு, 16 அடி. படகின் முன்பக்கம் விசிறி மாதிரி 8 ராட் (தூண்டில் கோல்), ஒவ்வொன்றும் 14 அடி. ஒவ்வொரு நரம்பிலும் (தூண்டில் கயிறு) மேலும் கீழுமாக இரட்டை முள், நடுவில் அரை அவுன்ஸ் ஈயக்குண்டு, இரைக்கு உயிருள்ள மின்னோ என்ற சின்ன மீன், மோட்டார் வேகம் மணிக்கு 0.4 மைல்.

வலது ஓரத்திலிருந்து இரண்டாவது ராட். நுனி கீழே போகவில்லை, மேலே வந்தது. குண்டின் பாரத்தில் எந்நேரமும் லேசாகக் குனிந்தே நிற்கிற நுனி, ஓர் அங்குலம் நிமிர்ந்து அப்படியே நின்றது. நரம்பு தண்ணீரைத் தொடுகிற இடத்தில் ஒரு சின்னத் தொய்வு. இரண்டு, மூன்று வினாடி இருக்கும். பிறகு பழையபடி குனிந்தது. நரம்பைச் சுற்றி எடுத்துப் பார்த்தால் மேல் முள்ளில் மின்னோ இல்லை.

ஒரு மணி நேரத்தில் அதே ராடில் ஐந்து முறை இப்படி. மற்ற ஏழும் அசையவே இல்லை.

நிமிர்வது ஏன் என்பதில் குழப்பம் இல்லை. கிராப்பி கீழிருந்து ஏறித்தான் கவ்வும். குளிர்ந்த தண்ணீரில் கவ்விய பிறகு திரும்பி ஓடாது, மேலேயே மிதந்து நிற்கும். மேல் முள்ளைக் கவ்வி ஏறினால் குண்டின் எடையும் சேர்ந்து தூக்கப்படும், ராட் பாரம் இழந்து நிமிரும். அப்போது வெட்டி இழுத்தால் தொய்வைத்தான் இழுப்போம். நாலு சுற்று சுற்றி, பாரம் தெரிந்ததும் ராடைத் தூக்கினால் போதும், மீனின் உதடு காகிதம் மாதிரி கிழிந்துவிடும். எனக்குப் புரியாதது ஒன்றுதான். எட்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே ராட், ஒரே குண்டு, ஒரே இரை. ஏன் அந்த ஒன்றில் மட்டும்?

வைஸ்ஏரிக்காரர்

ஈயக்குண்டு சார், 0.4 மைல் என்றால் நிமிஷத்துக்கு 35 அடி. அந்த வேகத்தில் ஏரியில் மீன் எங்கே இருக்கிறது என்று தேடி முடிப்பதற்குள் பிப்ரவரி முடிந்துவிடும். அலபாமாவில், வைஸ் ஏரியில் நாங்கள் நரம்பைப் படகுக்குப் பின்பக்கம்தான் விடுகிறோம். 1/16 அவுன்ஸ் ஜிக் (ஈயத்தலை வைத்த செயற்கை இரை முள்), 6 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு, 80 அடி நீளம், மணிக்கு 1 மைல். ஜிக் ஆறேழு அடியில் ஓடும். ஓடை வாய்களில் மீன் ஏறத் தொடங்கியிருந்தால் அது போதும்.

மறக்காத கடி ஒரு திருப்பத்தில் நடந்தது. நேராகப் போனவரை ஒன்றுமில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் படகை இடதுபக்கம் திருப்பியதும் இடது ராட் மூன்றும் ஒரே நேரத்தில் வளைந்தன. வலது பக்கம் சும்மா இருந்தது. உள்வளைவில் இருக்கிற ஜிக்குக்கு வேகம் குறையும், ஓரிரண்டு அடி இறங்கும். வெளிவளைவில் இருப்பது வேகமெடுத்து மேலே வரும். அன்றைக்கு மீன் கேட்டது மெதுவும் ஆழமும். வேகத்தை 0.8-க்கு இறக்கினோம், நேர் ஓட்டத்திலும் கடித்தது. வெளிப்பக்கம் கடித்திருந்தால் வேகத்தைக் கூட்டியிருக்க வேண்டும். கடி இல்லாத நாளில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓட்டுங்கள், பதிலை மீனே சொல்லும்.

கலங்கல்தண்ணி

வைஸ்ஏரிக்காரரே, பிப்ரவரின்னு நீங்க சொல்றதும் அவர் சொல்றதும் ஒண்ணில்ல. தண்ணி 47, 48-ல இருக்கும்போது 1 மைல் வேகத்துல ஜிக் போனா மீன் வேடிக்கைதான் பார்க்கும். நீங்க எறங்குனது 54, 55-ஆ இருக்கும். அந்த ஏழு டிகிரிதான் எல்லாம். நாலு நாள் தொடர்ந்து வெயில் அடிச்சா வடக்குக் கரை ஓடைகள்ல கலங்கல் தண்ணி தெளிஞ்ச தண்ணியவிட சீக்கிரம் சூடாகும், மத்தியானத்துக்கு மேல மீன் ரெண்டு மூணு அடி ஆழத்துக்கே வந்துரும். அங்க உங்க முறை சரி. ஆத்துப்பள்ள விளிம்புல சரிவராது.

இன்னொண்ணு. ஈயக்குண்டு அண்ணே, எட்டு நரம்பும் ஒரே ஆழத்துல இருந்துச்சுன்னு எதை வச்சு சொல்றீங்க? ரீல்ல 14 அடி எறக்குனா இரை 14 அடியில இருக்குன்னு அர்த்தமில்ல. நரம்பு செங்குத்தா நின்னாத்தான் 14. முப்பது டிகிரி சாஞ்சா 12 அடிதான். நாற்பத்தஞ்சு டிகிரின்னா 10-கூட வராது. ராட் நுனியும் நரம்பு தண்ணியத் தொடுற இடமும் ஒரே செங்குத்துக் கோட்டுல வருதான்னு பக்கவாட்டுல பாருங்க. எட்டுல ஒண்ணு மட்டும் நேரா தொங்கியிருந்தா உங்க கேள்விக்கு விடை அங்கயே இருக்கு.

ஓரமாத்தான் சொல்றேன், பக்கத்து ஈனிட் ஏரி அணைக்கிட்ட 1957-ல பிடிச்ச 5 பவுண்டு 3 அவுன்ஸ் வெள்ளை கிராப்பிதான் இன்னிக்கும் உலக சாதனை. பிடிச்சது ஜூலை 31. பெரிய மீனுன்னா பிப்ரவரி மட்டும்தான்னு சொல்றவங்க கொஞ்சம் யோசிக்கணும்.

பழையபேட்டரி

எனக்குச் சொல்ல இருப்பது சின்ன விஷயம். விடியற்காலை, காற்று 27 டிகிரி ஃபாரன்ஹீட், உறைநிலைக்குக் கீழே. ராட் நுனி வளையத்தில் பனிக்கட்டி உறைந்து நரம்பு ஓடவே இல்லை. நல்ல மீன் ஒன்று வந்து, நரம்பு விடாததால் உதடு கிழிந்து போயிற்று. அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நுனியைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் கட்டி கரைந்துவிடும், ஏரித் தண்ணீர் எப்படியும் காற்றைவிடச் சூடு.

ஆனால் மூன்று பேர் எழுதியும் யாரும் சொல்லாததால் இதைச் சொல்லிவிடுகிறேன். 48 டிகிரித் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் கையில் இல்லை, தானாகவே இழுத்து இழுத்து வாங்கும். அடுத்த பத்து நிமிடம்தான் கை, விரல் சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு நீந்தத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம் கிடையாது. மயக்கம் வர ஒரு மணி நேரம் ஆகலாம், அதற்குள் தலை தண்ணீருக்கு மேல் இருக்க லைஃப் ஜாக்கெட் வேண்டும். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஜாக்கெட் அந்தப் பத்து நிமிடத்தில் உதவாது. எட்டு ராடும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கையில் அவற்றுக்கு மேல் குனிந்துதான் மீனை வலையில் வாங்குகிறோம், விழுவதும் அந்த நேரத்தில்தான். பெரிய எஞ்சினில் ஓடும்போது எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடம்பில் மாட்டுங்கள். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகுக்கு 2021 ஏப்ரல் முதல் அது சட்டமே.

பேட்டரியும் ஒரு பாடு. ஈய அமில பேட்டரி உறைநிலையில் ஐந்தில் ஒரு பங்கு திறனை இழக்கும். காற்றை எதிர்த்து நாள் முழுக்க 0.4 மைலில் பிடித்து நிறுத்துவது காற்றில்லாத நாளில் ஓடுவதைவிட அதிகம் உறிஞ்சும். லித்தியம் வைத்திருப்பவர்கள் அதை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள், ராத்திரி கராஜுக்குள் எடுத்து வைத்துப் போடுங்கள். காற்றோடு போகவும் கூடாது. அலை பின்னாலிருந்து தள்ளத் தள்ளப் படகு குதிக்கும், குண்டு ஏறி இறங்கும், குளிரில் மீன் அதைத் தொடாது. எதிர்க்காற்றில் போங்கள். அப்படியும் வேகம் அடங்காவிட்டால் பின்னால் ஒரு டிரிஃப்ட் சாக்கை (தண்ணீரில் இழுபட்டுப் படகின் வேகத்தைக் குறைக்கும் துணிப்பை) இறக்குங்கள்.

கலங்கல்தண்ணி

பெரியவரே, கேட்டது எட்டு ராடுல ஒண்ணு ஏன் கடிச்சுச்சுன்னு. 😀 ஜாக்கெட் விஷயம் சரிதான், மறுக்கல.

திரையைப்பார்

இத்தனை கணக்கு எதற்கு? 2018-க்கு அப்புறம் லைவ்ஸ்கோப் (மீனை நேரடியாகத் திரையில் காட்டும் சோனார்) இருக்கிறது. மீன் எத்தனை அடியில் நிற்கிறது, இரை அதன் தலைக்கு மேல் போகிறதா என்று திரையிலேயே தெரியும். ஒரே ராட் போதும்.

வைஸ்ஏரிக்காரர்

தெரியும்தான். ஆனால் திரையில் பார்த்துக்கொண்டே ஒரு மீனுக்குப் பின்னால் போவதற்குப் பெயர் ட்ரோலிங் இல்லை. இந்தத் தலைப்பில் அதைக் கொண்டுவராதீர்கள்.

ஈயக்குண்டு

கலங்கல்தண்ணி சொன்ன பிறகு ரீல்களை மேசையில் வைத்துப் பார்த்தேன். ஏழில் 10 பவுண்டு நரம்பு. அந்த ஒன்றில் மட்டும் 6 பவுண்டு, போன கோடையில் ஜிக்குக்காகச் சுற்றியது. மெல்லிய நரம்பைத் தண்ணீர் குறைவாகத் தள்ளும், அரை அவுன்ஸ் குண்டே அதைக் கிட்டத்தட்ட நேராகத் தொங்கவிட்டிருக்கிறது. மற்ற ஏழும் அதைவிடச் சாய்ந்து, கொஞ்சம் மேலே ஓடியிருக்கின்றன. இரை மேலே ஓடினாலும் மீன் ஏறி வரும் என்று எண்ணித்தான் கவலைப்படாமல் விட்டேன். 55 டிகிரியில் ஏறியிருக்கும். 48-ல் அந்தக் கொஞ்சம் ஏறவும் அதற்கு மனசில்லை. எல்லா ரீலுக்கும் 6 பவுண்டு மாற்றிவிடலாமா?

கலங்கல்தண்ணி

மாத்தாதீங்க. அந்த விளிம்பு முழுக்க மரக்கட்டை. மெல்லிய கம்பி முள்ளு மாட்டுச்சுன்னா, 10 பவுண்டுல நிதானமா இழுத்தா முள்ளு நிமிர்ந்து வெளிய வந்துரும், குறட்டுல வளைச்சுட்டு மறுபடி விடலாம். 6 பவுண்டுல முதல்ல நரம்புதான் அறும், குண்டு, ரெண்டு முள்ளு எல்லாம் போச்சு. நரம்ப அப்படியே வச்சுக்கிட்டு குண்ட முக்கால் அவுன்ஸுக்கு ஏத்துங்க. ஒரு ராட்ல மட்டும் அரை அவுன்ஸும் 6 பவுண்டும் அப்படியே இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்க ஆகும். முக்கால் அவுன்ஸ்ல நுனி இன்னும் குனியும், அதனால நிமிர்றது நல்லாவே தெரியும். நுனில நாலு அங்குலம் வெள்ளை பெயிண்ட் அடிச்சுருங்க.