முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு டி.பி.: மற்றவர்களுக்கு மாண்டூ மட்டும் போதுமா?

மருமகள்_மதுரை:
என் மாமியார் இருக்கும் முதியோர் இல்லத்தில் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குப் போன வாரம் நுரையீரல் டி.பி. என்று தெரிந்தது. எல்லோருக்கும் டி.பி. கிருமி தொற்றியிருக்கிறதா என்று கைத்தோலில் போட்டுப் பார்க்கும் மாண்டூ ஊசி போட்டார்கள். அத்தைக்குக் கையில் வீக்கமே இல்லை, பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அத்தைக்கு 78 வயது, சர்க்கரை வேறு, கொஞ்ச நாளாகச் சோறே இறங்கவில்லை, ஜாக்கெட் தோளில் தொளதொளவென்று தொங்குகிறது. இருமல் மட்டும் இல்லை. வயசு என்று விட்டுவிடலாமா?

ஓய்வுபெற்ற_நர்ஸ்:
விடவே விடாதீங்கம்மா. வயதானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி தளர்ந்திருப்பதால் உடம்பில் கிருமி இருந்தும் ஊசி போட்ட இடம் சும்மா கிடக்கும். அப்படியே வீங்கினாலும் இளவயதில் எப்போதோ தொற்றியதாக இருக்கலாம், இப்போது நோய் இருக்கிறதா என்பதை மாண்டூ சொல்லாது. இந்த வயதில் இருமலே இல்லாமல் எடைக்குறைவும் சோர்வும் மட்டும் வருவது உண்டு, சர்க்கரை இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். முதலில் நெஞ்சு எக்ஸ்ரே, அப்புறம் சளியில் டி.பி. கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். காலையில் வாய் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழமாக இழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுக்கச் சொல்லுங்கள், டப்பாவில் எச்சில் இருந்தால் பரிசோதனை வீண். சளியே வரவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், எடுக்க வேறு வழி இருக்கிறது.

இல்லப்_பணியாளர்:
படுத்த படுக்கையாக இருப்பவர்களை எக்ஸ்ரேவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், கையில் எடுத்து வரும் சின்ன மெஷின் இருக்கிறது. 2024 டிசம்பரில் தொடங்கிய 100 நாள் காசநோய் இயக்கத்தில் அதைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மாவட்டக் காசநோய் மையத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயா, சமையல்காரர், வாட்ச்மேன் எல்லோரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அப்புறம் மாதாமாதம் எடை போட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், எங்கள் இல்லத்தில் டாக்டர் முதலில் புரட்டுவது அந்த நோட்டைத்தான்.

மருமகள்_மதுரை:
நாளைக்கே எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப் போகிறேன். அந்த அம்மாவை இல்லத்தை விட்டு அனுப்பச் சொல்லிச் சிலர் சண்டை போடுகிறார்கள், தடுப்பு மாத்திரையாவது கொடு என்றும் கேட்கிறார்கள்.

ஓய்வுபெற்ற_நர்ஸ்:
அனுப்புவது அநியாயம். சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களில் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை தனி அறை, மாஸ்க், திறந்த ஜன்னல் போதும். தட்டு, டம்ளரில் இது ஒட்டாது, காற்றில்தான் பரவும். தடுப்பு மாத்திரை நல்லதுதான், ஆனால் நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான். உள்ளே நோய் இருக்கும்போது அதை மட்டும் கொடுத்தால் கிருமி அப்புறம் அந்த மருந்துக்கு மசியாது. வயதானவர்களுக்கு ஈரலையும் பார்க்க வேண்டும், அதனால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஆரம்பிக்க வேண்டாம். அத்தையின் சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், சில தடுப்பு மருந்துகள் அதன் வேலையைக் குறைத்துவிடும்.