கரண்ட் பில் 57 யுனிட்ல இருந்து 94க்குப் போயிருக்கு. யாராவது நம்ம கரண்டை எடுக்கிறாங்களா?

கேள்வி – லயன் வீடு (தோட்டத்து வரிசை வீடு), ஹட்டன் பக்கம்
ஒட்டினாப்புல ஆறு காம்பரா (வீடு) உள்ள லயன், நம்ம வீடு மூணாவது. மாசம் 55–58 யுனிட்தான் வரும். போன பில் 94, இந்த பில் 95. புதுசா எந்தச் சாமானும் வாங்கல. பிரிட்ஜ், டீவி, எல்ஈடி பல்ப் 5, ரைஸ் குக்கர், அயன், அவ்வளவுதான். மீட்டர் இஸ்தோப்புச் (முன் திண்ணை) சுவர்ல இருக்கு. ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிஞ்சா தானா விழுறது) ஒரு தடவையும் விழல. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகல, அது வழியா வயர் இழுத்திருப்பாங்கன்னு வீட்ல சொல்றாங்க. சும்மா ஒருத்தர் மேல பழி போட விருப்பமில்ல. எங்க இருந்து தொடங்கணும்?

பதில் – வயர்மேன், கொட்டகலை
முதல்ல பில்லைப் பாருங்க. அதுல இருக்கிற ரீடிங்கும் மீட்டர்ல இருக்கிறதும் ஒத்துப் போகுதா, எத்தனை நாளுக்குப் போட்ட பில், ரெண்டையும் பார்த்துட்டு மத்ததுக்கு வாங்க. மீட்டரைப் படிக்காம உத்தேசமா போட்ட பில்லாக் கூட இருக்கலாம்.

அது சரின்னா ஒண்ணு நிச்சயம்: உங்க பில்லை ஏத்துற கரண்ட் மீட்டரைத் தாண்டித்தான் போகுது. தூண்ல இருந்து மீட்டர் வரைக்கும் வர்ற வயர்ல யாராவது கொக்கி போட்டாலும் அது உங்க கணக்குல விழாது. அதனால வெளிய அண்ணாந்து பார்க்கிறதுல பிரயோசனமில்ல.

மெயின் சுவிட்சை அணைச்சுட்டு மீட்டரைப் பாருங்க. டிஜிட்டல் மீட்டர்னா சிவப்பு லைட் துடிக்கக் கூடாது. பல மீட்டர்ல கரண்ட் ஒண்ணும் ஓடலன்னா அது விடாம எரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேணாம். பழைய தட்டு மீட்டர்னா தட்டு ஒரு சுத்துக்கு மேல போகக் கூடாது. மெயின் அணைஞ்சும் துடிச்சா, மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவுல தொட்டிருக்காங்க, இல்லன்னா மீட்டர்ல கோளாறு. அந்தத் துண்டு வயர்ல எப்பவும் கரண்ட் இருக்கும். கை வைக்காதீங்க, மீட்டர்ல போட்டிருக்கிற சீல் முத்திரையையும் தொடாதீங்க. சீல் உடைஞ்சிருந்தா பதில் சொல்ல வேண்டியது கணக்கு வச்சிருக்கிறவர்தான். மின்சார சபைக்கு 1987ல சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வச்சுக்குங்க.

துடிக்கலன்னா மெயினைப் போட்டு, பிரேக்கர் எல்லாத்தையும் இறக்கி, பிளக் எல்லாத்தையும் கழட்டி, லைட்டையெல்லாம் அணைச்சுட்டு ஒவ்வொரு பிரேக்கரா ஏத்துங்க. எதை ஏத்தும்போது துடிக்குதோ அந்த லைன்தான்.

பதில் – பண்டாரவளை
அண்ணன் சொன்னது சரி, ஆனா பகல்ல பத்து நிமிஷம் பார்த்துட்டு “ஒண்ணுமில்ல”ன்னு முடிவெடுக்காதீங்க. மாசம் கூடின 37 யுனிட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்க. 24 மணித்தியாலமும் ஓடுறதுன்னா 51 வாட். தினம் ஒரு மணித்தியாலம் மட்டும்னா 1.2 கிலோவாட், அதாவது தண்ணிக்குள்ள போடுற ஹீட்டர். நம்ம குளிருக்கு ரெண்டாவதுதான் எனக்குப் பொருத்தமாத் தெரியுது. மூணு நாளைக்கு இரவு 9, விடியக்காலை 4, 6, பகல் 12ன்னு மீட்டரைப் படம் எடுங்க. 4க்கும் 6க்கும் இடையில ஒரு யுனிட்டுக்கு மேல ஏறினா நேரம் பிடிபட்டுடும்.

மீட்டர் முகப்புல 1600ன்னு இருந்தா ஒரு யுனிட்டுக்கு அத்தனை துடிப்பு. 2250ஐ ரெண்டு துடிப்புக்கு இடையில உள்ள செக்கனால வகுத்தா வாட் வரும். ஒரு யுனிட்டுக்கு 600 சுத்துன்னு இருக்கிற தட்டு மீட்டர்னா 6000ஐ ஒரு சுத்துக்கு ஆகிற செக்கனால வகுங்க.

ட்ரிப் விழலங்கிறதை வச்சு யாரும் எடுக்கலன்னு நம்பாதீங்க. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் வித்தியாசப்பட்டாத்தான் அது விழும். லைன் (கரண்ட் வர்ற வயர்), நியூட்ரல் (திரும்பிப் போற வயர்) ரெண்டையும் உங்க கிட்டயே எடுத்தா அதுக்கு ஒண்ணும் தெரியாது. லைனை மட்டும் உங்க கிட்ட எடுத்து நியூட்ரலை அவங்க வீட்ல போட்டாத்தான் உடனே விழும். அதே மாதிரி ஈரச் சுவர்ல கசியுதோன்னு தேடி அலையவும் வேணாம். ட்ரிப் ஒழுங்கா வேலை செஞ்சா 30 மில்லி அம்பியருக்கு மேல கசிய விடாது. அது மாசம் முழுக்கக் கசிஞ்சாலும் 5 யுனிட்தான்.

கேட்டவர்
நன்றி. ரீடிங் சரி, பில் 30 நாளுக்கு. மெயின் அணைஞ்சா துடிப்பு இல்ல. பகல்லயும் ஒண்ணுமில்ல. ஆனா பிளக் பிரேக்கரை மட்டும் போட்டு எல்லாத்தையும் கழட்டி வச்சிருந்தும், காலைல 4.40ல இருந்து 5.35 வரைக்கும் ரெண்டு செக்கனுக்கு ஒரு துடிப்பு. 1125 வாட் வருது. பின்பக்கக் குசினிச் சுவருக்கு மேல, கூரை மரத்துக்கு அடியில கறுப்பு டேப் சுத்தின முடிச்சு ஒண்ணு தெரியுது. அதுல இருந்து மெல்லிசான வெள்ளை இரட்டை வயர் அடுத்த காம்பரா பக்கம் போகுது. வெட்டிடவா?

பதில் – வெலிமடை
வெட்டாதீங்க. அந்த வயர் எங்க போய் முடியுதுன்னு தெரியணும். காம்பராவைத் தாண்டி மரக்கறித் தோட்டத்துப் பக்கம் போனா, காட்டுப்பன்றிக்குக் கட்டின கம்பியாவும் இருக்கலாம். அப்படிப்பட்ட கம்பியில பட்டு ஆள் செத்திருக்கு. பிரேக்கரை இறக்காம அந்தப் பக்கம் நடக்கவே கூடாது, பொலிஸுக்கும் சொல்லணும்.

பதில் – வயர்மேன், கொட்டகலை
தினம் அதே ஒரு மணித்தியாலம்னா ஹீட்டர்தான். இருந்தாலும் அவர் சொன்ன எச்சரிக்கை சரி. முதல்ல பிரேக்கரை இறக்கிட்டு முடிச்சையும் வயர் போற வழியையும் படம் எடுங்க. பிறகு டெஸ்டர் வச்சுப் பார்த்து, வயரிங் படிச்ச ஒருத்தரை வச்சு முடிச்சை அவிழுங்க. தொட்டிருக்கிறது பிளக்குக்குப் போற தடிச்ச 7/0.67 வயர்ல, இழுத்திருக்கிறது மெல்லிசு வயர்ல. 0.5 சதுர மில்லிமீட்டர் வயர்னா 3 அம்பியர்தான் தாங்கும், ஹீட்டர் கேட்கிறது 5. உங்க 16 அம்பியர் பிரேக்கருக்கு இது தெரியவே போறதில்ல. பில்லை விட எனக்குப் பயம், காஞ்ச மரத்துக்கு அடியில சுடுற அந்த முடிச்சுத்தான். டேப் உருகியிருந்தா அதோட சேர்ந்த பழைய வயரையும் மாத்துங்க.

பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து நேர்ல காட்டுங்க, தோட்டத் தலைவரையும் வச்சுக்குங்க. திருவிழாவுக்கு லைட் போட இழுத்து, கழட்டாம விட்ட வயராவும் இருக்கலாம். அவங்களுக்கு முந்தி அந்தக் காம்பராவுல இருந்தவங்க போட்டதாவும் இருக்கலாம்.

கேட்டவர்
காட்டினேன், ஒத்துக்கிட்டாங்க. முடிச்சை நாளைக்கு அவிழ்க்கிறோம். ரெண்டு பில்லுலயும் மேலதிகமா வந்த யுனிட்டுக்குக் காசு சபைல கழிப்பாங்களா?

பதில் – பண்டாரவளை
கழிக்க மாட்டாங்க, உங்க மீட்டர் ஊடா போனதாச்சே. அவங்ககிட்டத்தான் கேட்கணும். யுனிட் விலையால பெருக்கிக் கேட்காதீங்க. மாசம் 60ஐத் தாண்டினா முதல் 60 யுனிட்டுக்கும் விலை மாறிடும், நிலையான கட்டணமும் கூடும். 57 யுனிட் வந்த பழைய பில்லையும் இப்ப வந்த ரெண்டையும் பக்கத்துல வச்சு, ரூபா வித்தியாசத்தைக் கேளுங்க. இடையில கட்டணம் மாறியிருந்தா 57ஐப் புது விலைக்குப் போட்டுப் பாருங்க.