லட்சுமி என்று வாங்கினேன், காலடியில் கொம்பு இருந்தது

அலங்காரத்துக்கு வாங்கி வைத்த சிலை எந்த அம்மன் என்று ரொம்ப நாள் கழித்துத் தெரிந்துகொண்ட அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

ஏழு வருடம் முன்பு கும்பகோணத்தில் ஒரு பழைய பித்தளைக் கடைக்குப் போயிருந்தேன். எடைக்குப் போட்ட செம்பு, தூக்குவாளி, முறிந்த குத்துவிளக்குத் தண்டு எல்லாம் குவிந்து கிடந்த இடத்தில் ஒரு முழம்கூட இல்லாத ஒரு அம்மன் நின்றுகொண்டிருந்தாள். நான்கு கை. பின் கைகளில் சங்கு, சக்கரம். முன் வலது கை அபயம் காட்டுகிறது, இடது கை இடுப்பில் இருக்கிறது. கடைக்காரர், "மகாலட்சுமிங்க, பெருமாளோட சங்கு சக்கரத்தைப் பாருங்க" என்றார். எனக்கும் சரியாகவே பட்டது. தராசில் ஒன்றே முக்கால் கிலோ நின்றது, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். வருபவர்கள் எல்லாம் "அழகான லட்சுமி" என்பார்கள், நானும் ஆமாம் என்பேன்.

போன ஆடி மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து புளி போட்டு விளக்கு, தாம்பாளம் எல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தோம், அப்படியே இவளையும் தேய்ப்போம் என்று எடுத்து வந்தேன். பீடத்தில் மட்டும் கருப்பு இறுகிப் போயிருந்தது. அது தாமரைப் பீடம், இதழ்கள் மழுங்கிவிட்டன என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். பழைய பல் துலக்கும் பிரஷை வைத்து விடாமல் தேய்க்கத் தேய்க்க, இதழ் என்று நினைத்தது வளைந்து மேலே போயிற்று, எதிர்ப் பக்கத்திலும் அதேபோல் இன்னொன்று, நடுவில் அகலமான ஒரு மூக்கு, அதில் ஊசி முனை அளவுக்கு இரண்டு குழி. நான் பிரஷை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "எருமைத் தலைடி. இது துர்க்கை" என்றார்.

அம்மாவுக்கு எப்படி உடனே தெரிந்தது என்றால், வருடக்கணக்காக வெள்ளிக்கிழமை ராகு காலத்தில், பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில், சிவன் கோயில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு போடுகிறவர். நானும் சின்ன வயதில் கூடப் போயிருக்கிறேன். கருவறையின் வடக்குச் சுவர்க் கோஷ்டத்தில், அதாவது மாடத்தில், இதே கைகளோடு, இதே இடுப்புக் கையோடு அவள் நிற்பதைப் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் புடவை கட்டிவிடுவதால் காலடி தெரியவே தெரியாது. அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரை போடுவதற்குள் பார்த்தால்தான் உண்டு. அம்மா அந்த நேரத்தில் நிற்கிறவர், நான் பிரகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தவள்.

அதற்கப்புறம்தான் தேட ஆரம்பித்தேன். சங்கு சக்கரத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அஷ்டலட்சுமிகளில் சிலர் கையிலும் அவை உண்டு, துர்க்கை திருமாலின் தங்கை என்பதால் அவளுக்கும் உண்டு, அதனால்தான் விஷ்ணு துர்க்கை என்கிறோம். சிலப்பதிகார வேட்டுவ வரியிலேயே கொற்றவை கையில் சங்கும் சக்கரமும் ஏந்தி எருமையின் கருந்தலைமேல் நிற்கிறாள். மாமல்லபுரம் திரௌபதி ரதத்தில் வெளிச்சுவரில் எருமைத் தலைமேல் நிற்கும் துர்க்கை, உள்ளே போனால் தாமரைமேல் நிற்கிறாள்! ஆக, தாமரை இருந்தாலே லட்சுமி என்றும் சொல்ல முடியாது. கை, காலடி, கூட இருப்பவர்கள் மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நான் கையை மட்டும் பார்த்துவிட்டு ஏழு வருடம் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன் என்பது மனதுக்கு உறுத்தலாகத்தான் இருந்தது.

* * *

உங்களுடையதைப் படித்ததும் எனக்கு நேப்பிள்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் 'பாம்பேய் லட்சுமி' என்று பெயர் பெற்ற தந்தச் சிலை இருக்கிறது. வேலை விஷயமாக இத்தாலி போனபோது இதற்காகவே ஒரு நாள் ஒதுக்கினேன். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்த பாம்பேய் ஊரில் 1938இல் தோண்டி எடுத்தது. நம்மூரில் கொற்கையும் முசிறியும் ரோமாபுரியோடு வாணிகம் செய்த காலம் அது. பெரிதாக இருக்கும் என்று நினைத்துப் போனேன், ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தால் அதிகம். கால்களில் நெருக்கமாகத் தண்டை, முழங்கை வரை வளையல், கால்களைக் குறுக்கே வைத்து நிற்கிறாள். இரண்டு பக்கமும் இடுப்புயரத்துக்குச் சின்னச் சின்னப் பணிப்பெண்கள், கையில் ஒப்பனைப் பாத்திரங்கள். உச்சந்தலையில் ஒரு துளை, அதனால் மேசைக் காலாகவோ கண்ணாடிக் கைப்பிடியாகவோ இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

நான் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தாமரையைத் தேடினேன். அவள் கையில் எதுவும் இல்லை. தண்ணீர் ஊற்றும் யானைகளும் இல்லை. அதே காலத்துச் சாஞ்சித் தோரணங்களில் தாமரையும் இரண்டு பக்கமும் யானைகளுமாக லட்சுமியை எவ்வளவு தெளிவாகச் செதுக்கியிருக்கிறார்கள்! இந்தத் தந்தச் சிலையை யட்சி, அதாவது இயற்கையோடு சேர்ந்த ஒரு சிறு தெய்வம் என்றுதான் இப்போது பலரும் சொல்கிறார்கள், மகாராஷ்டிரத்தில் போகர்தனிலும் இதே மாதிரி ஒரு தந்தப் பெண் கிடைத்திருக்கிறாள். ஆனாலும் முதலில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அழகான பெண், உடம்பு நிறைய நகை, உடனே லட்சுமி. உங்கள் கும்பகோணம் கடைக்காரரும் அப்படித்தானே சொன்னார்.

* * *

எங்கள் வீட்டில் கொலுவில் நடந்தது இது. காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெருவில் வாங்கிய பொம்மை, கையில் வீணை, அதனால் சரஸ்வதி என்று புத்தகங்களுக்குப் பக்கத்தில் மூன்று வருடம் வைத்தோம். என் பெண்தான் "சரஸ்வதி வெள்ளைதானே, இவங்க ஏன் பச்சையா இருக்காங்க, தோள்ல கிளி ஏன்?" என்று கேட்டாள். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அந்த வருடம் தாம்பூலம் வாங்க வந்த மாமி ஒருவர், பச்சை மேனியும் வீணையும் கிளியும் சேர்ந்தால் மாதங்கி, சியாமளா என்பதும் இவளைத்தான் என்று சொல்லிக்கொடுத்தார். இதற்கு நேர்மாறாகக் கூத்தனூர் சரஸ்வதியைப் போய்ப் பாருங்கள், வீணையே கிடையாது. ஜபமாலை, கலசம், சுவடிதான். கங்கைகொண்ட சோழபுரத்துச் சரஸ்வதியிடமும் வீணை இல்லை.

* * *

என் அனுபவம் கொஞ்சம் வருத்தமானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். தோட்டத்தில், நீச்சல் குளத்துக்குப் போகும் வழியில், புதிதாகச் செதுக்கிய ஒரு கல் சிலை. பருத்த வயிறு, இரண்டு காலையும் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே வேலை செய்யும் பையன் "குபேர லட்சுமி சார், வயித்தைத் தடவினா பணம் வரும்" என்றான். ஆனால் ஒரு பக்கம் மாட்டு முகத்தோடு ஒரு பிள்ளை, மறுபக்கம் ஒரு பெண், மேலே காக்கைக் கொடி. சேட்டை, அதாவது தவ்வை. இன்றைக்கு மூதேவி என்று திட்டுவதற்கு மட்டும் வைத்திருக்கிறோமே, அவள்தான். வள்ளுவர் "செய்யவள் தவ்வையைக் காட்டி விடும்" என்று சொல்லும் லட்சுமியின் அக்காள். பல்லவர் காலத்தில் காஞ்சி கைலாசநாதர் கோயிலிலேயே அவளுக்கு இடம் இருந்தது. மேலாளரிடம் சொன்னேன். மறுநாள் காலை பார்த்தால் சிலையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பெயரைச் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று இன்னும் தோன்றுகிறது.

* * *

எல்லாருக்கும் நன்றி. அந்தத் துணி போட்டு மூடியதைப் படித்து எனக்கும் கஷ்டமாக இருந்தது. இவளை டிவிக்குப் பக்கத்திலிருந்து எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டோம். வெள்ளிக்கிழமை ஒரு செவ்வரளி வைக்கிறேன், அம்மா இருந்தால் எலுமிச்சை மாலையும் உண்டு. ஒரு விஷயம் உங்களிடம் கேட்க வேண்டும். பீடத்தின் வலது மூலையில், எருமைக் கொம்புக்குப் பின்னால், இன்னும் கருப்பாக ஒரு மேடு இருக்கிறது, கட்டைவிரல் நகம் அளவுதான். சிங்கமாகத்தான் இருக்கும் என்கிறார் அம்மா. எனக்கு என்னவோ மேல்பக்கம் கிளை பிரிகிற மாதிரி தடவினால் தெரிகிறது. மாமல்லபுரம் வராகக் குகையில் துர்க்கைக்கு ஒரு பக்கம் சிங்கம், இன்னொரு பக்கம் மான். கொற்றவைக்குக் கலைமான் வாகனம் என்பதும் தெரிந்ததுதான். மானாக இருந்தால் எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்! புளி ஊறப் போட்டிருக்கிறேன், காலையில் தேய்த்துவிட்டுப் படம் போடுகிறேன்.