நான்காண்டும் உயராத கல்விக் கட்டணத்துக்குத் தமிழ்ச் சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிள்ளைகளை இளநிலைப் பட்டப் படிப்பில் சேர்க்கவிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு கையேட்டை மொழிபெயர்த்து வருகிறேன். அது வெள்ளிக்கிழமை பக்க வடிவமைப்புக்குப் போகிறது. மற்ற இயல்கள் முடிந்துவிட்டன. ஒரே ஒரு சொல்லில் ஆறு நாளாக நிற்கிறேன்.

மாணவர் முதலாண்டில் சேரும்போது அவருக்கு விதிக்கப்படும் கல்விக் கட்டண வீதத்தை அவர் பட்டம் பெறும் காலம் வரை உயர்த்தாமல் வைத்திருக்கும் திட்டம் அங்கே பல மாநிலங்களில் உண்டு. மேற்கு இல்லினாய் பல்கலைக்கழகம் 1999-இல் இதைத் தொடங்கியது. இல்லினாய் மாநிலம் 2003-இல் சட்டம் இயற்றி, 2004 இலையுதிர் பருவம் முதல் தன் அரசுப் பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் பொதுவாக்கியது. டெக்சஸ் மாநிலம் 2013-இல் இயற்றிய சட்டப்படி, அரசுப் பல்கலைக்கழகம் இத்தகைய திட்டம் ஒன்றை முன்வைக்க வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் மாணவர் விருப்பம். கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 2022 இலையுதிர் பருவம் முதல் சேரும் மாணவருக்கு, அவர் சேர்ந்ததிலிருந்து ஆறாண்டு வரை வீதத்தை உயர்த்துவதில்லை என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது.

என் வரைவில் இதற்கு ‘நிலையான கட்டணம்’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்பு பார்க்க உதவிய ஒரு தாய் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, “அப்படியானால் மகளுக்குக் கட்டுகிற அதே தொகைதான் இரண்டாண்டு கழித்துச் சேரும் மகனுக்கும், இல்லையா?” என்று கேட்டார். இல்லை. மகளுக்கு அவள் சேர்ந்த ஆண்டின் வீதம். மகனுக்கு அவன் சேரும் ஆண்டின் வீதம். படித்தவர், நிதானமாகப் படிப்பவர். அவரையே என் சொல் தவறான கணக்குக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

பக்கத்திலேயே இன்னும் மூன்று கருத்துகள் இருக்கின்றன. ஒரு பருவத்தில் 12 முதல் 18 அலகு (பாடங்களை அளக்கும் ‘கிரெடிட்’) வரை எத்தனை எடுத்தாலும் ஒரே தொகை வாங்கும் முறை ஒன்று. பர்டியூ பல்கலைக்கழகம் 2013 முதல் செய்துவருவது போல, எல்லா மாணவருக்கும் சேர்த்துக் கட்டணத்தை உயர்த்தாமல் நிறுத்திவைப்பது ஒன்று. பிள்ளை சிறியவனாக இருக்கும்போதே வருங்காலக் கட்டணத்தைச் செலுத்தி வைப்பது மற்றொன்று. நான்குக்கும் ‘நிலையான’ என்ற அடைமொழி பொருந்துகிறது என்பதுதான் என் இடர்ப்பாடு. உதவ வேண்டுகிறேன்.

இலக்கண ஆசிரியர்:

அன்புடையீர்,

‘நிலையான’ என்ற நீண்ட பெயரெச்சத்தை விட்டுவிடுங்கள். நில் என்னும் வேரே நமக்குப் போதும். அதிலிருந்துதான் நிலை, நிலவரம், நிலுவை எல்லாம் பிறந்தன. கட்டாமல் நிற்கும் பணம் நிலுவையானால், உயராமல் நிற்கும் கட்டணம் ‘நில்கட்டணம்’ ஆகலாம். இது வினைத்தொகை. நின்ற கட்டணம், நிற்கின்ற கட்டணம், நிற்கும் கட்டணம் என மூன்று காலமும் அதனுள் கரந்து நிற்கின்றன. நான்காண்டுக்கு நீளும் ஒரு வாக்குறுதியைக் கால இடைநிலை எதுவும் இல்லாமல் சொல்வதற்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான தொகை கிடையாது என்பது என் துணிபு. ‘நிற்கட்டணம்’ என்று றகரமாகத் திரியாதா என்று சிலர் கேட்பர். திரியாது, ‘கொல்களிறு’ கொற்களிறு ஆவதில்லை, வினைத்தொகையில் வல்லினம் இயல்பாகவே வரும்.

பள்ளி ஆசிரியை:

வணக்கம் ஐயா. கொல்களிறு எனக்கும் பிடிக்கும்; பத்தாம் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். ஆனால் ‘நில்கட்டணம்’ என்று கரும்பலகையில் எழுதினால் மாணவர் முதலில் படிப்பது ‘நில்’ என்ற ஏவலைத்தான். கட்டணத்தை நிறுத்து என்றோ, கட்டணம் இல்லை என்றோ கொள்வார்கள். மூன்று காலத்தையும் உள்ளடக்கும் ஆற்றல், வினைத்தொகையை வினைத்தொகை என்று அறிந்தவருக்கு மட்டுமே பயன்படும். கையேட்டைப் படிக்கப்போவது அந்தத் தாய்.

‘நிலைக்கட்டணம்’ என்று மாற்றலாமே என்று யாரும் முன்மொழிவதற்குள் சொல்லிவிடுகிறேன்: மின்கட்டணப் பட்டியலில் பயன்பாடு எவ்வளவானாலும் கட்ட வேண்டிய பகுதிக்கு அந்தப் பெயர் வழங்கிவிட்டது. குடியேறிவிட்ட சொல்லை அங்கிருந்து எழுப்ப முடியாது.

சொற்பிறப்பு ஆய்வாளர்:

நண்பர்களே, அடைமொழியைப் பற்றியே பேசுகிறோம். அடைமொழி ஏற்கும் சொல்லான அடைகொளியை யாரும் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் டியூஷன் வேறு, ஃபீஸ் வேறு. முன்னது கற்பித்தலுக்கு, பின்னது நூலகம், உடல்நலம், உடற்பயிற்சிக் கூடம் போன்றவற்றுக்கு. தமிழில் இரண்டும் ‘கட்டணம்’ ஆகிவிடுகின்றன. ‘டியூஷன்’ என்ற சொல்லோ நம்மிடம் வந்து மாலை நேரத் தனிப்பயிற்சியாகச் சுருங்கிவிட்டது. ‘கல்விக் கட்டணம்’ என்றால் பெற்றோர் பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் முழுத் தொகையையும் நினைக்கிறார்கள். உறுதிமொழி பெரும்பாலும் முன்னதற்கு மட்டுமே பொருந்துவதால், இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி ஆகாது.

டியூஷனின் மூலம் இலத்தீனில் காத்தல், கண்காணித்தல் என்னும் பொருளுடைய வினை. மாணவனைக் காப்பவர் டியூட்டர். நம்மிடம் ‘புரத்தல்’ இருக்கிறது. புரவலர் அதிலிருந்து வந்தவர். ‘புரவு’ என்ற பெயர்ச்சொல்லும் பழையது. ‘புரவுக் கட்டணம்’ என்று ஆள முடியுமானால் இரண்டு மொழியின் வேர்ப்பொருளும் ஒன்றாகும். இது எல்லாருக்கும் உடன்பாடாகாது என்று அறிவேன். எனவே ‘கற்பிப்புக் கட்டணம்’ என்றாவது பிரித்து வழங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கட்டணப் பிரிவில் பணியாற்றியவர்:

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கட்டணப் பிரிவில் பல ஆண்டு வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ‘கற்பிப்புக் கட்டணம்’ என்ற பிரிப்பை மனமார ஆதரிக்கிறேன். ஓஹாயோ பல்கலைக்கழகம் 2015-இல் தொடங்கிய திட்டம் விடுதியையும் உணவையும் பிற கட்டணங்களையும் சேர்த்தே உறுதியளிக்கிறது. அப்படிச் சேர்க்காத இடங்கள்தான் மிகுதி. நான்காண்டுக்கும் ஒரே தொகை என்று நம்பிய குடும்பங்கள், இரண்டாம் ஆண்டுப் பட்டியலில் மற்ற இனங்கள் ஏறியிருப்பதைக் கண்டு என் மேசைக்கு வருவார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது எளிதாக இருந்ததே இல்லை.

ஆனால் இதுவரை வந்த எல்லாச் சொற்களும் ஒரு செய்தியை மறைக்கின்றன. முதலாண்டுக் கட்டணம் 10,000 டாலர், ஆண்டுக்கு 4 விழுக்காடு உயரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான முறையில் அடுத்த ஆண்டுகளில் 10,400, 10,816, ஏறத்தாழ 11,249 என்று கட்டுவார். நான்காண்டுக்கு மொத்தம் 42,465. உயராத திட்டத்தை வகுப்பவர்கள் பலர் இந்த மொத்தத்தை நான்கால் வகுத்து ஆண்டுக்கு 10,616 என்று வைப்பார்கள். நான்காண்டும் படிப்பவருக்கு இழப்பு இல்லை. முதலாண்டோடு விலகுபவர் 616 டாலர் கூடுதலாகக் கட்டியிருப்பார். இரண்டாம் ஆண்டு முடிவில் விலகுபவர் 832 டாலர். பணமுடையால் படிப்பை நிறுத்துபவர்தான் அதிகம் இழக்கிறார்.

ஆகவே கட்டணம் நிற்கவில்லை, நிரவப்படுகிறது. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவதற்கு ‘நிரவுதல்’ என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு ‘பணி நிரவல்’ என்ற வழக்கும் பழகியதே. ‘நிரவு கட்டணம்’ என்று சொல்லுங்கள். இதுவும் வினைத்தொகைதான், இலக்கண ஆசிரியர் மகிழலாம்.

இலக்கண ஆசிரியர்:

மகிழ்கிறேன்; ஒப்பவில்லை. நிரவுதல் திட்டத்தை வகுப்பவரின் செயல். சொல்லோ மாணவரின் பக்கத்திலிருந்து பிறக்க வேண்டும். தவிரவும், கலிபோர்னியாவில் நான்கால் வகுக்கும் கணக்கு இல்லையே. அங்கே அச்சொல் பொய்யாகும். ‘மாறாக் கட்டணம்’ என்றால் என்ன குறை? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகுந்து, கேட்டவுடன் விளங்குகிறது.

பள்ளி ஆசிரியை:

ஐயா, மாறாக் கட்டணம் என்றாலும் அந்தத் தாயின் கேள்வி அப்படியே இருக்கிறது. யாருக்கு மாறாது? சேர்ந்தவருக்கு மாறாது, அடுத்து வருபவருக்கு மாறும். உயராமை இந்தத் திட்டத்தின் ஒரு பாதிதான். மறுபாதி, ஒவ்வோர் ஆண்டு சேர்பவரும் ஒரு தனி அணி, அந்த அணிக்கு ஒரு தனி வீதம் என்பது. அதைச் சொல்லாமல் விட்டதால்தான் அவர் தடுமாறினார். என்ன நடக்கிறது என்பதை அப்படியே சொன்னால் ‘சேர்ந்த ஆண்டுக் கட்டணம்’. நீங்கள் எந்த ஆண்டு சேர்ந்தீர்களோ அந்த ஆண்டின் கட்டணம், படித்து முடிக்கும் வரை. மற்ற மூன்று கருத்துகளில் ஒன்றுகூட இந்தச் சொல்லுக்குள் நுழைய முடியாது.

சொற்பிறப்பு ஆய்வாளர்:

ஓர் ஆண்டில் சேர்ந்தவர் அனைவரையும் குறிக்க ‘அணி’ எதற்கு? நமக்கு ‘ஒருசாலை மாணாக்கர்’, அதாவது ஓரிடத்தில் உடன் கற்றோர், இருக்கிறார்கள். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரை உரைகாரர்கள் அப்படித்தான் குறிக்கிறார்கள். நன்னூலும் பாயிரம் செய்ய உரியவருள் ‘தன்னொடு கற்றோன்’ ஒருவன் என்கிறது. ‘ஒருசாலைக் கட்டணம்’ என்றால் உடன் சேர்ந்தோர் யாவர்க்கும் ஒரே கட்டணம் என்ற பொருளும் பழமையின் நிறமும் ஒருங்கே கிடைக்கும்.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, மன்னிக்க வேண்டும். சாலை என்றால் இன்று என் வாசகருக்கு வண்டி போகும் வழிதான். ‘ஒருசாலைக் கட்டணம்’ சுங்கச் சாவடியை நினைவூட்டும்.

ஆசிரியை அவர்களின் சொல் எனக்கு வழி காட்டியது. தலைப்புக்கும் அட்டவணைக்கும் அதைச் சுருக்க முயன்றேன். ‘சேர்க்கை ஆண்டு’ என்று தொடங்கினால் விரைவில் ‘சேர்க்கைக் கட்டணம்’ ஆகிவிடும். அது சேரும்போது ஒருமுறை கட்டும் பணம். ‘சேராண்டு’ என்று எழுதிப் பார்த்தேன். சேர்கின்ற ஆண்டு என்ற வினைத்தொகையாகத்தான் எழுதினேன். மறுநாள் காலையில் படித்தபோது சேராத ஆண்டு என்று என் கண்ணுக்கே எதிர்மறையாகத் தெரிந்தது. அதை அடித்துவிட்டேன். ‘சேர்வாண்டு’ பொருந்துமா? சேர்வு என்ற தொழிற்பெயரோடு ஆண்டு சேர்கிறது; எதிர்மறை மயக்கம் இல்லை.

இலக்கண ஆசிரியர்:

சேர்வு, ஆண்டு: சேர்வாண்டு. குற்றியலுகரம் போல ஈற்று உகரம் கெட்டு முடிகிறது, வழுவில்லை. ‘சேர்வாண்டுக் கட்டணம்’ இலக்கணப்படி நிற்கும். என் செவிக்கு நில்கட்டணமே இனிக்கிறது என்பதையும் பதிவு செய்கிறேன்.

கட்டணப் பிரிவில் பணியாற்றியவர்:

பெரும்பான்மை எங்கே போகிறது என்று தெரிகிறது, தடுக்கவில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் நான்காண்டுத் திட்டம் 2006-இல் தொடங்கி, 2009-இல் புதிதாகச் சேர்பவர்களுக்கு நிறுத்தப்பட்டது. அதற்கு முன் சேர்ந்தவர்களுக்குக் காலம் முடியும் வரை பழைய வீதமே தொடர்ந்தது. அந்த நிகழ்வை விளக்குவதற்குச் ‘சேர்வாண்டு’ மிக நன்றாக உதவும், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஐந்தாம் ஆண்டை எப்படிச் சொல்வீர்கள்? இல்லினாயில் நான்காண்டுக்குள் முடிக்காதவருக்கு மேலும் இரண்டு ஆண்டு வரம்பு உண்டு. அப்போது அவருடைய கட்டணம், அவருக்கு அடுத்த ஆண்டில் சேர்ந்தவர்களின் வீதத்தை மிஞ்சக் கூடாது. பிறருடைய சேர்வாண்டில் அவர் கட்டுகிறார். உங்கள் சொல் அங்கே முறிகிறது. நிரவு கட்டணம் என்பதையும் ஒரு வரியில் சேர்க்காவிட்டால், இடையில் விலகும் மாணவர் எதை இழக்கிறார் என்பது கையேட்டில் எங்கும் இராது.

மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள அனைவருக்கும் நன்றி.

தலைப்பில் ‘சேர்வாண்டுக் கட்டணத் திட்டம்’ என்றும், பத்திக்குள் முதன்முறை வரும் இடத்தில் ‘சேர்ந்த ஆண்டுக் கட்டணம்’ என்று விரித்தும் எழுதியிருக்கிறேன். கற்பிப்புக் கட்டணமும் பிற கட்டணங்களும் இனி நூல் முழுவதும் வேறு வேறு. மற்ற மூன்றுக்கும் அலகு வரம்புக் கட்டணம், உயர்வு நிறுத்தம், முன்செலுத்தல் என்று வைத்துவிட்டேன். யாரும் மறுக்காததை உடன்பாடாகக் கொள்கிறேன். 616, 832 என்ற கணக்கு அப்படியே ஒரு கட்டத்துக்குள் வருகிறது, ‘நிரவு கட்டணம்’ என்ற தலைப்போடு.

திருத்திய பக்கத்தை அந்தத் தாய்க்கு நேற்று அனுப்பினேன். மகளுக்கு ஒரு வீதம், மகனுக்கு ஒரு வீதம் என்று உடனே பிடித்துக்கொண்டார். பிறகு, மகள் எடுக்க நினைக்கும் படிப்பு ஐந்தாண்டு ஆகலாமே, அந்த ஆண்டுக்கு எந்தக் கட்டணம் என்று கேட்டிருக்கிறார். விதியை விளக்கிவிட்டேன். அதற்கு ஒரு சொல் என்னிடம் இன்னும் இல்லை. வியாழன் மாலைக்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.