வாய்டு ஃபங்ஷனுக்கு டெஸ்ட் எழுதுவது எப்படி? (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அதற்கான டெஸ்ட் கருவி பிஜிடேப்)

மருந்துக்கணக்கு:
மருந்து மொத்த வியாபாரத்துக்கான மென்பொருள். காலாவதி_ஒதுக்கு என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. ஒரு தேதி கொடுத்தால், அதற்கு முன் காலாவதியான பேட்ச்களை ஸ்டாக் டேபிளிலிருந்து எடுத்து, காலாவதி டேபிளில் போட்டு, பதிவேட்டிலும் ஒரு ரோ எழுதும். ரிட்டர்ன் டைப் வாய்டு, அதாவது எந்த மதிப்பையும் திருப்பித் தராது. செலக்ட் போட்டுக் கூப்பிட்டால் ஒரு வெற்று ரோ வருகிறது, அவ்வளவுதான். இதில் எதை எதோடு ஒப்பிடுவது? இப்போதைக்கு, எர்ரர் இல்லாமல் ஓடுகிறதா என்று பார்க்கும் லைவ்ஸ்_ஓகே மட்டும் வைத்திருக்கிறேன். எத்தனை ரோ நகர்ந்தது என்ற எண்ணைத் திருப்பித் தரும்படி மாற்றிவிடு என்கிறார் டீம் லீட். மாற்றலாமா?

பழைய_டிபிஏ:
டெஸ்டுக்காக மட்டும் மாற்றாதீர்கள். ஐந்து ரோ நகர்ந்தது என்று ஃபங்ஷனே சொல்வது வேறு, சரியான ஐந்து ரோ நகர்ந்திருப்பது வேறு. லைவ்ஸ்_ஓகே மட்டும் போதவே போதாது. பிகின், எண்ட் தவிர உள்ளே ஒன்றுமே இல்லாத ஃபங்ஷனும் அதில் பாஸ் ஆகிவிடும்.

டேபிளைப் பாருங்கள். பிகின் போட்டு டிரான்ஸாக்‌ஷன் திறந்து, உங்கள் ரோக்களை நீங்களே இன்சர்ட் செய்யுங்கள், ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள், மூன்று டேபிளையும் சரிபாருங்கள், கடைசியில் எல்லாவற்றையும் ரத்து செய்ய ரோல்பேக். நான் மூன்று பேட்ச் வைப்பேன்: எப்போதோ காலாவதியானது ஒன்று, இன்னும் ஒரு வருடம் தாங்குவது ஒன்று, எல்லையில் நிற்பது ஒன்று. இந்த மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம். மருந்து அட்டையில் மாதமும் வருடமும்தான் அச்சிட்டிருக்கும், அந்த மாதக் கடைசி நாள் வரை மருந்து செல்லும். ஆகவே 30-06-2025 என்று உள்ள பேட்ச், அதே தேதியைக் கொடுத்துக் கூப்பிட்டால் ஸ்டாக்கிலேயே இருக்க வேண்டும். 01-07-2025 கொடுத்தால் நகர வேண்டும். ஃபங்ஷனுக்குள் சிறியது (<) என்பதற்குப் பதில் சிறியது அல்லது சமம் (<=) என்று யாராவது மாற்றினால் இந்த டெஸ்ட் உடனே பிடித்துவிடும்.

ஒப்பிட செட்_ஈக்யூ வேண்டாம், பேக்_ஈக்யூ எடுங்கள். செட்_ஈக்யூ ஒரே ரோ இரண்டு முறை வந்தாலும் கண்டுகொள்ளாது. நீங்கள் பயப்பட வேண்டியதே ஒரு பேட்ச் இரண்டு முறை ஏறிவிடுவதற்குத்தான். அதனால் அதே தேதியோடு ஃபங்ஷனை இரண்டாம் முறையும் கூப்பிட்டு, காலாவதி டேபிள் அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குவெரிக்காரன்:
மேலே சொன்னதோடு ஒன்றிரண்டு. ஐடி எண்களை வரிசையாகத் தரும் சீக்வென்ஸ் ரோல்பேக் ஆகாது, எனவே ஐடி எண்ணை டெஸ்டில் நேராக எழுதி வைக்காதீர்கள். நௌ() ஒரு டிரான்ஸாக்‌ஷன் முழுக்க ஒரே நேரத்தைத்தான் தரும். பதிவேட்டில் இரண்டாவது ரோவின் நேரம் முதலாவதைவிடப் பிந்தியதா என்று சோதித்தால் ஃபெயில்தான் ஆகும். தேதியை நீங்கள் வெளியிலிருந்து கொடுப்பது நல்லது, அதை விட்டுவிடாதீர்கள்.

தேதிக்குப் பதில் நல் (null, வெற்று மதிப்பு) கொடுத்தால் எர்ரர் ரெய்ஸ் செய்கிறதா? எர்ரர் கோடு எதுவும் கொடுக்காமல் ரெய்ஸ் எக்ஸெப்ஷன் போட்டிருந்தால் பி0001 என்ற கோடு வரும், எதிர்பார்த்த எர்ரர் வருகிறதா என்று சோதிக்கும் த்ரோஸ்_ஓகே வைத்துப் பார்க்கலாம்.

மருந்துக்கணக்கு:
மிக்க நன்றி. எல்லைத் தேதி டெஸ்டை இன்றே சேர்க்கிறேன். இன்னொன்று: மாதக் கடைசியில் எல்லாக் கிளைக்கும் இதை ஓட்ட ஒரு புரொசீஜர் இருக்கிறது, கிளைக்குக் கிளை கமிட் செய்யும். அதை பிகின், ரோல்பேக் நடுவில் கால் செய்தால் எர்ரர் வருகிறதே?

பழைய_டிபிஏ:
வரத்தான் செய்யும். போஸ்ட்கிரெஸ் 11-இல் புரொசீஜர் வந்தபோதே இருக்கும் விதி: வெளியே நாம் டிரான்ஸாக்‌ஷன் திறந்து வைத்திருந்தால் உள்ளே கமிட் செய்ய விடாது, 2டி000 எர்ரர்தான். வேலை முழுவதும் காலாவதி_ஒதுக்கிலேயே இருக்கட்டும், புரொசீஜரில் லூப்பும் கமிட்டும் மட்டும் போதும். அப்புறம் புரொசீஜருக்கு, டெம்ப்ளேட்டிலிருந்து தற்காலிக டேட்டாபேஸ் ஒன்று உருவாக்கி, இரண்டு கிளை வைத்து ஒரே ஒரு டெஸ்ட் ஓட்டிவிட்டு டிராப் செய்துவிடுங்கள்.