ஸ்டாஃபிங் ஏஜென்சி: கலைச்சொல் தேவை

தண்டையார்பேட்டையிலிருந்து:
அன்புடையீர், வணக்கம். மணலி, எண்ணூர் ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஞாயிறன்று திருவொற்றியூரில் சட்ட வகுப்பு நடத்துகிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆலைகளுக்குத் தொழிலாளரை அனுப்பும் நிறுவனமான ‘ஸ்டாஃபிங் ஏஜென்சி’ என்பதற்கு ‘ஆள்வழங்கு முகமை’ என்று எழுதியிருக்கிறேன். ஏற்கலாமா?

மாதவரத்திலிருந்து:
வினைத்தொகையாக இலக்கணம் சரியே. ஆனால் அரிசியும் மண்ணெண்ணெயும் வழங்கப்படலாம், ஆள் வழங்கப்படலாகாது. நம்மிடம் ‘கங்காணி’ இருக்கிறதே! ‘கண்காணி’யின் ணகரம் ககரத்துக்கு முன் ஙகரமாகத் திரிந்த வடிவம் அது. கோயில் காரியங்களை மேற்பார்த்தவரைச் சோழர் கல்வெட்டுகள் ‘ஸ்ரீகாரியக் கண்காணி’ என்கின்றன. அந்த வேரிலிருந்து ‘கங்காணியம்’ என்று ஆக்கலாம்.

ராயபுரத்திலிருந்து:
கல்வெட்டில் அது மதிப்புக்குரிய பதவிதான். ஆனால் இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டி முன்பணக் கடனில் கட்டிப்போட்டவரின் பெயராகவே அது மக்கள் நினைவில் நிற்கிறது. உரிமம் பெற்று நடக்கும் நிறுவனத்துக்கு அதைச் சூட்ட முடியாது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், குறித்த வேலையை முடித்துத் தருபவரோடு, வேலைக்கு ஆளை மட்டும் அனுப்புபவரையும் ‘ஒப்பந்ததாரர்’ என்றே வரையறுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், ‘வெறும் மனிதவளமாக’த் தொழிலாளரைத் தருபவரை அதே வரையறைக்குள் வைக்கிறது. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது ஆலை நிர்வாகம், தரவேண்டும் என்ற பாதுகாப்பு இந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது. தனிப்பெயர் சூட்டினால், ‘ஏஜென்சி வேறு, காண்ட்ராக்டர் வேறு’ என்று நினைத்து ஆலை வாசலில் கேட்கவேண்டிய பாக்கியைத் தொழிலாளி கேட்காமலே போய்விடுவார். சட்டம் பொருந்தக் குறைந்தது 20 தொழிலாளர் வேண்டும் என்றிருந்த வரம்பு 50 ஆகி, சிறு ஒப்பந்ததாரர்களிடம் இருப்பவர்கள் ஏற்கெனவே வெளியே நிற்கிறார்கள். எஞ்சியவரையும் நம் சொல் குழப்பக்கூடாது.

பெரம்பூரிலிருந்து:
ராயபுரத்தார் சொல்வதே சரி. 1918இல் இங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய காலத்தில் ஆலைத் தொழிலாளரிடையே பேசிய திரு.வி.க.வின் தமிழ் தூயதாகவும் இருந்தது, விளங்கவும் விளங்கியது. என் மாணவர்கள் ‘முகமை’ என்றால் விழிக்கிறார்கள். ‘ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரர்’ என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘ஏஜென்சி’ என்று அடைப்புக்குறிக்குள் தரலாம்.

தண்டையார்பேட்டையிலிருந்து:
நன்றி. நாளை அச்சு என்பதால் பெரம்பூரார் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

மாதவரத்திலிருந்து:
அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆயினும் ‘ஆள்’ என்பதற்கு நான் இசையவில்லை. அடுத்த பதிப்பிலாவது ‘தொழிலாளர்’ என்று மாற்றுங்கள். கங்காணியம் பற்றித் தனியே எழுதுகிறேன்.