பித்தப்பை ஆபரேஷனில் பித்தநாளம் அறுபட்டது: தருமபுரியில் வழக்குப் போட எங்கிருந்து தொடங்குவது?

பாலக்கோட்டான்:
சித்திக்காகக் கேட்கிறேன். வயது 43, தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை. தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முதல்வர் காப்பீட்டு அட்டையில் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் நடந்தது. 3ஆம் நாள் டிஸ்சார்ஜ். அப்போதே வயிற்று வலியும் காய்ச்சலும் இருந்தன; வாயு வலி என்று மாத்திரை கொடுத்தார்கள். 6ஆம் நாள் கண் மஞ்சளாகி மறுபடி கூட்டிப்போனால் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். 9ஆம் நாள் பெங்களூரு போனோம். பித்தநாளம் (கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் போகும் குழாய்) அறுபட்டு வயிற்றில் பித்தநீர் தேங்கியிருக்கிறது என்று அங்கே இரண்டாவது ஆபரேஷன் செய்தார்கள். அந்தச் செலவு 4 லட்சத்து 80 ஆயிரம், எல்லாம் வட்டிக் கடன்.

இப்போது 15 மாதம் ஆகிவிட்டது. தருமபுரி ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் (சிகிச்சை ஆவணம்) தர மறுக்கிறது. "இது வரக்கூடிய சிக்கல்தான், கையெழுத்துப் போட்டுத்தானே ஆபரேஷன் செய்துகொண்டீர்கள்" என்கிறார்கள். அட்டையில் செய்ததால் நாங்கள் காசே கட்டவில்லை, நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். உண்மையா? போலீஸில் புகார் கொடுக்கலாமா?

தென்பெண்ணை:
போகலாம் தம்பி. உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் இதைத் தீர்த்துவிட்டது. எல்லாருக்கும் எப்போதும் இலவசமாகவே சிகிச்சை தரும் இடம்தான் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே. மற்ற நோயாளிகளிடம் பணம் வாங்கும் தனியார் ஆஸ்பத்திரி, உங்கள் சித்தியிடம் வாங்காவிட்டாலும் சட்டத்துக்குள் வரும். காப்பீட்டு நிறுவனம் கட்டினாலும் அது கட்டணம்தான். இதுவே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்திருந்தால் வழி வேறு: உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசுக்கு எதிரான மனு), சிவில் வழக்கு, அல்லது ஒரு வருடத்துக்குள் மாநில மனித உரிமை ஆணையம்.

ஆனால் வழக்கைப் பற்றி யோசிக்கும் முன் கேஸ் ஷீட்டைக் கையில் வாங்குங்கள். இந்த மாதிரி வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும் அந்தக் காகிதத்தில்தான். வாயால் கேட்டுப் பயனில்லை. சித்தியே கையெழுத்துப் போட்ட கடிதம், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால், நகல் ஒன்று உங்களிடம். 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணத்தைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 வருடம் வைத்திருக்கவும் வேண்டும். "அழித்துவிட்டோம்" என்று இப்போது சொல்ல முடியாது.

கடிதத்தில் "எல்லா ஆவணமும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள், டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் நீட்டுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: அட்மிஷன் ஷீட், ஒப்புதல் படிவம், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ் குறிப்பு, காய்ச்சல்-நாடி சார்ட், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் படம், ஆபரேஷன் வீடியோ பதிவு இருந்தால் அது, 6ஆம் நாள் போனபோது எழுதிய ஓ.பி. சீட்டு.

அப்படியும் தராவிட்டால் அந்தத் தபால் ரசீதோடு தருமபுரி இணை இயக்குநர் நலப்பணிகள் அலுவலகத்திலும் (ஜே.டி. ஆபீஸ்) சென்னையில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். தனியார் ஆஸ்பத்திரிக்கு உரிமம் தருவது ஜே.டி.தான். இன்னொரு வழியும் உண்டு, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். காப்பீட்டுப் பணம் வாங்க ஆஸ்பத்திரி சில காகிதங்களை அனுப்பியிருக்கும். அந்த க்ளைம் கோப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். பின்னால் தரும் கேஸ் ஷீட் அதோடு ஒத்துப்போகிறதா என்று வரிக்கு வரி பாருங்கள்.

மருத்துவம் தெரிந்தவன்:
மருத்துவப் பக்கத்தை நான் சொல்கிறேன். முதலில் கசப்பான உண்மை. லேப்ராஸ்கோப்பியில் பித்தநாளம் காயப்படுவது ஆயிரத்தில் 3 முதல் 5 பேருக்கு நடக்கிறது, அனுபவமுள்ள சர்ஜன் கையிலும் நடக்கும். வீங்கி ஒட்டிப்போன பித்தப்பையில் எந்தக் குழாய் எது என்று பிரித்தறிவது கடினம். ஆகவே "நாளம் அறுபட்டது, அதனால் அலட்சியம்" என்று மட்டும் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே வழக்கை உடைத்துவிடுவார்.

உங்கள் வழக்கின் பலம் அதற்குப் பிந்தைய 9 நாட்களில் இருக்கிறது. பித்தப்பை எடுத்தவருக்கு வலி குறையாமல் காய்ச்சலும் இருந்தால் பித்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பிலிருபின் (மஞ்சள் காமாலையைக் காட்டும் அளவு) உள்ளிட்ட கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் வயிற்று அல்ட்ராசவுண்டும் தருமபுரியிலேயே ஒரு மணி நேர வேலை. 6ஆம் நாள் மஞ்சள் கண்ணோடு வந்தவருக்கு ஊசி போட்டு அனுப்பியதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. அன்றே பெரிய மருத்துவமனைக்கு எழுதியிருக்க வேண்டும். நாள் தள்ளத் தள்ளக் கசிந்த பித்தத்தில் சீழ் பிடிக்கும், சீழ் பிடித்த இடத்தில் தையல் நிற்காது. சில நேரங்களில் ஸ்டென்ட் (சிறு குழாய்) வைத்துச் சரிசெய்யக்கூடிய காயம், குடலை இழுத்து நாளத்தோடு இணைக்கும் பெரிய ஆபரேஷன் வரை போவது இப்படித்தான்.

ஆகவே இரண்டு காகிதங்களை உற்றுப் பாருங்கள். டிஸ்சார்ஜ் நாளின் காய்ச்சல் சார்ட்டில் என்ன எழுதியிருக்கிறது? ஆபரேஷன் குறிப்பில் பித்தப்பைக் குழாயையும் ரத்தக் குழாயையும் தனித்தனியே அடையாளம் கண்ட பிறகே கிளிப் போட்டதாக வருகிறதா, இல்லை இரண்டே வரியில் முடிந்திருக்கிறதா?

கையெழுத்தைக் கண்டு பயப்படாதீர்கள். ஒப்புதல் படிவம் ஆபரேஷனின் இயல்பான ஆபத்துக்குத்தான். கவனக்குறைவுக்கு யாரும் ஒப்புதல் தர முடியாது. படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்து, தமிழில் விளக்கியதற்கு அடையாளம் இல்லையென்றால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

நிபுணர் கருத்து எல்லா வழக்குக்கும் கட்டாயமில்லை என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்களுடையது அது தேவைப்படும் ரகம். குடல்-கல்லீரல் அறுவை நிபுணர் ஒருவரின் பிரமாணப் பத்திரம் வேண்டும். உள்ளூரில் யாரும் எழுதித் தரத் தயங்குவார்கள். வெளி மாவட்டத்தில் தேடுங்கள், அல்லது மருத்துவக் குழுவுக்கு அனுப்பும்படி நுகர்வோர் ஆணையத்திடமே (நுகர்வோர் நீதிமன்றம் என்பது இதைத்தான்) மனுப் போடுங்கள். பெங்களூரு சர்ஜனின் ஆபரேஷன் குறிப்பும் இதற்கு வலுச் சேர்க்கும் சாட்சி. காயம் எந்த இடத்தில், எத்தனை நாள் பழையது, எவ்வளவு பித்தம் எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ராயக்கோட்டை வக்கீல்:
நடைமுறை மட்டும் சொல்கிறேன்.

காலக்கெடு 2 வருடம். உங்களுக்கு 9 மாதம் மீதி. கேஸ் ஷீட்டுக்காகக் காத்திருந்து அதைத் தாண்டவிடாதீர்கள். வராவிட்டாலும் புகாரைத் தாக்கல் செய்துவிட்டு, ஆவணத்தைக் கொண்டுவர உத்தரவிடக் கோரி ஆணையத்தில் மனுப் போடலாம். கொடுக்க மறுத்தது அவர்களுக்கு எதிராகவே போகும்.

இடம்: தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சேவைக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான், அந்தத் தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமே இல்லை. கேட்கும் இழப்பீட்டை வைத்து இந்தக் கணக்கு போடுவதில்லை. பயந்துகொண்டு இழப்பீட்டைக் குறைத்துக் கேட்க வேண்டாம். (ஓசூர் பக்கத்தவர்களுக்கு: சிகிச்சை பெங்களூருவில் நடந்திருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.)

ஆஸ்பத்திரி, ஆபரேஷன் செய்த டாக்டர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். பெங்களூரு மருத்துவமனையைச் சேர்க்காதீர்கள், அவர்கள் உங்கள் சாட்சி. நோட்டீஸ் போன பிறகு பதில் தர எதிர்மனுதாரருக்கு 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஆணையமே நினைத்தாலும் நீட்டிக்க முடியாது. 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்தது. 46ஆம் நாள் பதில் மனுவோடு வந்தால் உடனே ஆட்சேபணை சொல்லுங்கள்.

இழப்பீட்டைத் தலைப்பு வாரியாக எழுதுங்கள்: பெங்களூரு பில், மருந்து, ஆம்புலன்ஸ், கூட இருந்தவரின் கூலி இழப்பு, சித்தி வேலைக்குப் போக முடியாத மாதங்கள், இனி செய்யவேண்டிய ஸ்கேன்கள், வலி வேதனை. வட்டிக் கடனுக்குப் பத்திரம் இருந்தால் வையுங்கள்.

வக்கீல் செலவுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண் என்பதால் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும்.

போலீஸ் புகார் இந்த வழக்கில் உதவாது. 2005இல் உச்ச நீதிமன்றம் தந்த ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின்படி, டாக்டர் மேல் குற்ற வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும், அதுவும் வேறொரு டாக்டரின் கருத்து வாங்கிய பிறகே. அவ்வளவு கடுமையாக நிரூபிக்க வேண்டிய பாரம் நுகர்வோர் ஆணையத்தில் இல்லை.

பாலக்கோட்டான்:
ரொம்ப நன்றி. ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். 1 லட்சம் தருகிறோம், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தார்.

ராயக்கோட்டை வக்கீல்:
"முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி உரிமை கோர மாட்டேன்" என்ற வரி அதில் நிச்சயம் இருக்கும். சித்தி, சித்தப்பா யாரும் கைநாட்டோ கையெழுத்தோ போடக் கூடாது. சமரசம் பேச விருப்பமிருந்தால் வழக்குப் போட்ட பிறகு ஆணையத்தின் சமரச மையத்திலேயே பேசலாம். வந்தவர் யார், எந்தத் தேதியில் என்ன சொன்னார், கூட யார் இருந்தார்கள் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். அடுத்த முறை வந்தால் எதையும் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.